‘மனம் வைத்தால் விட்டுவிடலாம்’: ஒரு மறுப்பு

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், மேடையிலோ மருத்துவமனைத் தாழ்வாரத்திலோ குடும்பப் பஞ்சாயத்திலோ, பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வந்து முடிகிறது: மனம் வைத்தால் விட்டுவிடலாம். கேட்பதற்கு ஊக்கம் தருவதுபோல் இருக்கும் இவ்வாக்கியத்திலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. விட முடியாதவர் மனம் வைக்காதவர் என்பது முதல் முடிவு. மனம் வைத்துவிட்டவருக்கு வேறு துணை தேவையில்லை, ஆகவே முன்பின் அறியாத பத்துப் பேரோடு வாரந்தோறும் உட்கார்ந்து தன் குடியைப் பற்றிப் பேசுவது வீண்வேலை, குடும்ப மானத்துக்கும் கேடு என்பது இரண்டாவது. ஆதரவுக் குழுக்கள், அதாவது குடியால் பாதிக்கப்பட்டவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணைநின்று நடத்திக்கொள்ளும் கூட்டங்கள், இந்த மாநிலத்தில் பல ஆண்டுகளாக இயங்கிவந்தும் பெரும்பாலான குடும்பங்களின் கண்ணில் படாமல் இருப்பதற்கு இந்த இரண்டாம் முடிவு ஒரு முக்கியமான காரணம். அந்த முடிவு தவறானது என்பதையும், அது பிறந்த வாக்கியமே நோயின் இயல்பைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது என்பதையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடிப்பவர் எல்லோரும் குடிநோயாளிகள் அல்லர். நடுவண் சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். அவர்களில் சார்பு நிலைக்கு, அதாவது உடலும் மூளையும் மது இல்லாமல் இயல்பாக இயங்க முடியாத நிலைக்கு, வந்துவிட்டவர்கள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். திருமணத்துக்குத் திருமணம் குடித்துவிட்டு இடைப்பட்ட மாதங்களில் அதை நினைக்காமலே இருப்பவர், ஒரு நாள் வேண்டாம் என்று முடிவெடுத்து நிறுத்திவிடுகிறார். அவரைப் பார்த்துத்தான் ஊர் தன் வாக்கியத்தை உருவாக்கிக்கொண்டது. அவருக்குப் பொருந்திய வாக்கியத்தை அந்த 2.9 கோடிப் பேர் மீதும் சுமத்தியதில்தான் பிழை நேர்ந்தது. சார்பு நிலையில் இருப்போரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாக அதே கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. மற்ற 37 பேருக்கும் இந்தச் சமூகம் கொடுத்தது அறிவுரை மட்டுமே.

சார்பு நிலையில் நோய் பற்றியிருப்பது, மனம் வைக்க வேண்டிய அந்த உறுப்பையேதான். நெடுங்காலம் நாள்தோறும் மது அருந்தும்போது, நரம்புகளைத் தணிக்கும் அதன் வேலைக்கு ஈடுகொடுக்க மூளை தன் விழிப்புநிலையை மேலே ஏற்றி வைத்துக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த ஏற்றம் மட்டும் எஞ்சி நின்று கை நடுக்கமாகவும் வியர்வையாகவும் உறக்கமின்மையாகவும் வலிப்பாகவும் வெளிப்படுகிறது. இவற்றை விலகல் அறிகுறிகள் என்பர். இவற்றின் கடுமையான வடிவத்தில், பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், இல்லாத உருவங்கள் தெரிவதும் நேரம், இடம் பற்றிய தெளிவு போவதும் காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்து வருகின்றன. சிகிச்சை இல்லையென்றால் உயிரும் போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை நிறுத்த ஒரு கட்டிங் தேடிப் போகிறவரை, இன்பத்துக்காகக் குடிக்கிறார் என்று வீட்டார் எண்ணுகிறார்கள். அவரோ அன்றைய நாளில் நிமிர்ந்து நிற்பதற்காகக் குடிக்கிறார். ‘இன்றோடு நிறுத்திவிட்டேன்’ என்று வீராப்பாக அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு மூன்றாம் நாள் வலிப்பில் இறந்துபோனவர்களின் மரணம், மன உறுதிக் கொள்கையின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. ஆதரவுக் குழுவுக்குச் செல்வதற்கு முன்பே, கடுமையாகக் குடித்துவந்தவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். விலகல் நாட்களைக் கடத்த மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் தேவை. எந்தக் கூட்டமும் அவற்றுக்கு மாற்று ஆகாது.

ஆனால் அந்த ஐந்தாறு நாட்கள் கடந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே மெய்யான கேள்வி. அதற்கு மன உறுதிக் கொள்கையினர் வழக்கமாகக் காட்டும் சான்று, சபரிமலைக்கு மாலை போடுவது. ஆண்டு முழுவதும் குடிப்பவர் மாலை போட்ட ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறாரே, அப்படியானால் அவரால் முடியும் என்றுதானே பொருள் என்று அவர்கள் கேட்கிறார்கள். வலுவான கேள்விதான்; ஆயினும் இந்தச் சான்றைக் கூர்ந்து பார்த்தால் அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. மாலை போட்டவர் தனியாக எதையும் செய்வதில்லை. அவருடைய உடை மாறுகிறது; பாயும் தட்டும் தனியாகின்றன; மனைவியும் மகளும் தெருவில் போகிறவரும் அவரை ‘சாமி’ என்று அழைக்கிறார்கள்; விடியலிலும் மாலையிலும் நேரம் குறித்த வழிபாடு இருக்கிறது; கடைக்குப் போகும் அந்த மாலை வேளையில் அவர் பஜனையில் உட்கார்ந்திருக்கிறார்; பல ஆண்டுகள் மலைக்குச் சென்றுவந்த குருசாமி ஒருவர் வழிகாட்டுகிறார்; குடிக்கூட்டாளிகளே ‘சாமி மாலை போட்டிருக்கு’ என்று விலகி நிற்கிறார்கள். ஒரு மனிதனைச் சுற்றி அவன் ஊர் முழுவதும் கட்டித்தரும் சாரம் இது. மாலையைக் கழற்றும் நாளில் அந்தச் சாரம் முழுவதும் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. மலையிலிருந்து திரும்பிய சில நாட்களுக்குள் பலர் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மனிதனின் உறுதி ஒரே நாளில் எங்கும் ஓடிவிடவில்லை. அதைத் தாங்கி நின்ற கூட்டுறவுதான் போய்விட்டது. மண்டலத்துக்குப் பின்னும் கலையாத ஒரு சாரம் வேண்டும் என்பதே மாலை கற்றுத்தரும் பாடம். ஆதரவுக் குழு அத்தகைய சாரங்களுள் ஒன்று.

பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியமும் கோயிலில் கட்டும் கயிறும் பெரும்பாலும் நிலைக்காமல் போவதும் இதனால்தான். அவை ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல்கள். குடிக்கான வேட்கையோ ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் திரும்பி வருவது. சத்தியம் உடைந்ததும், குடித்த குற்றத்தோடு பிள்ளையின் உயிரை வைத்துப் பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ள, அந்தக் குற்றவுணர்வே அடுத்த குவார்ட்டருக்குக் காரணமாகிறது.

குடிப்பது இந்த மண்ணில் தனித்த செயலாக இருந்ததில்லை என்பதையும் மன உறுதிக் கொள்கை மறைத்துவிடுகிறது. முதல் மிடற்றை ஒருவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் நண்பரோ உறவினரோ உடன்வேலை செய்பவரோதான். சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்ததும் குழுவாகப் போவதும், இழவு வீட்டில் தூக்குகிறவர்களுக்கு வாங்கித் தருவதும், கல்யாணத்துக்கு முந்திய இரவில் மாப்பிள்ளையின் தோழர்கள் கூடுவதும் ஊரறிந்த நடைமுறைகள். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரை வாங்கப் பணம் போதாதபோது, கடைவாசலில் நிற்கும் முன்பின் தெரியாத இருவர் ஆளுக்குப் பாதி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ முறைகூட ஒரு கூட்டுறவே. குடிக்கும்போது இத்தனை பேர் உடன் இருந்த ஒருவரிடம், நிறுத்தும்போது மட்டும் தனியாக நின்று காட்டச் சொல்வது அறிவுடைமையும் ஆகாது, அறமும் ஆகாது.

ஆதரவுக் குழு என்னும் ஏற்பாடு உருவான வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் தோன்றியது. ஒருவர் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர். மற்றவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். வில்சன் 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியிருந்தார். மற்றக் குடிநோயாளிகளைத் தேடிப் போய்ப் பேசிய அவரது முயற்சியால் அம்மாதங்களில் ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் அப்படிப் பேசிவந்த காலமெல்லாம் தாம் குடிக்காமல் இருந்ததை அவர் கவனித்தார். 1935 மே மாதத்தில் ஏக்ரனில் ஒரு தொழில் முயற்சி தோற்று, விடுதிக் கூடத்தில் மதுக்கூடத்தின் ஆரவாரம் காதில் விழ நின்றபோது, அவர் ஒரு சத்தியமும் செய்யவில்லை. தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசுவதற்கு ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அதன் வழியாக ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே உட்காருவதாகச் சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்; தம்மைப் போலவே வீழ்ந்த ஒருவர், அறிவுரை எதுவும் கூறாமல் தம் கதையைச் சொன்னதே அவரைக் கட்டிப்போட்டது. ஸ்மித் அன்றோடு நிறுத்தவும் இல்லை. சில வாரங்களில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மீண்டும் குடித்தார். அதன்பின் அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10 அந்த இயக்கத்தின் பிறந்த நாளாயிற்று. மீள்சறுக்கல், அதாவது நிறுத்திய பிறகு மறுபடி குடித்துவிடுதல், அதன் தோற்றக் கதையிலேயே இடம்பெற்றிருப்பதைக் குடும்பத்தினர் அறிந்துகொள்வது நல்லது.

கூட்டத்தில் என்னதான் நடக்கிறது என்று அறியாமலே அதை ‘வெறும் பேச்சு’ என்று ஒதுக்குகிறவர்கள் பலர். கூட்டம் பொதுவாக ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம், தேவாலயத்தின் பின்கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மருத்துவமனை அறையிலோ நடக்கிறது. குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டத்தை மூடிய கூட்டம் என்றும், குடும்பத்தினரும் மற்றவரும் வரக்கூடியதைத் திறந்த கூட்டம் என்றும் சொல்கிறார்கள். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று கூறி, தனக்கு நேர்ந்ததையும் இன்று தான் இருக்கும் நிலையையும் சில நிமிடங்கள் பேசுகிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்தவர் தன் கதையைச் சொல்கிறார். கட்டணம் இல்லை, இறுதியில் சுற்றிவரும் பையில் விரும்பியவர் போடும் பணத்தில்தான் வாடகையும் தேநீரும் நடக்கின்றன. வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பதும், உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி என்பதும், 1950இல் கிளீவ்லேண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் அடங்கியவை. புதிதாக வந்தவருக்குச் சிலர் தங்கள் தொலைபேசி எண்ணைத் தருகிறார்கள். நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரைப் புதியவர் தன் வழிகாட்டியாக, அங்கே வழங்கும் சொல்லில் ‘ஸ்பான்சராக’, ஏற்றுக்கொள்கிறார். வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று யாரும் அவரிடம் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் என்பதே அங்குள்ள கணக்கு. மன உறுதி அங்கேயும் தேவைப்படுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்கு வேட்கை எழும்போது வாழ்நாள் முழுவதையும் எதிர்த்து நிற்பதற்கு வேண்டிய பேருறுதி அன்று, பேருந்து ஏறிக் கூட்டத்துக்குப் போவதற்கோ ஒரு எண்ணை அழைப்பதற்கோ போதுமான சிற்றுறுதி. நோயுற்ற மனத்தாலும் திரட்ட முடிகிற உறுதி அதுவே.

இவையெல்லாம் அழகான கதைகள், சான்று எங்கே என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட திறனாய்வு, ஏ.ஏ. வழிமுறை மற்றச் சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது. எதிர்ப்பாளர்கள் பல ஆண்டுகள் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர் 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி வெளியிட்ட புதிய திறனாய்வில் முடிவு மாறியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட தரமான ஆய்வுகளில், ஏ.ஏ.வுடன் முறையாக இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டின் முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர்; அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் 35 விழுக்காட்டினர். மருத்துவச் செலவும் குறைந்தது. ஊக்கம் உள்ளவர்கள்தான் கூட்டத்துக்குப் போகிறார்கள், அவர்கள் எப்படியும் திருந்தியிருப்பார்கள் என்ற பழைய வாதத்துக்கும் இதில் விடை இருக்கிறது. குலுக்கலில் யார் எந்தப் பக்கம் விழுவார் என்பதை ஊக்கம் தீர்மானிப்பதில்லை. ஏழு விழுக்காட்டு வேறுபாடு சிறியதுதானே என்று கேட்கலாம். காசில்லாமல் கிடைக்கும் ஓர் உதவி, பயிற்சி பெற்ற உளவியலாளர் தரும் சிகிச்சைக்கு ஈடாக நின்று அதையும் சற்றே கடந்திருப்பதை, உளவியலாளரே இல்லாத வட்டங்கள் நிறைந்த ஒரு நாடு சிறியதாக எண்ணலாகாது.

எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமான ஆய்வையும் மறைக்க வேண்டியதில்லை. 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், குடியால் வேலையில் சிக்கலுக்கு உள்ளான 227 தொழிலாளர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர்: ஒரு பிரிவினர் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், மற்றொரு பிரிவினர் கட்டாயமாக ஏ.ஏ.வுக்கு மட்டும் அனுப்பப்பட்டார்கள், மூன்றாம் பிரிவினர் தாமே தேர்ந்துகொண்டார்கள். குடியைப் பொறுத்தவரை மருத்துவமனைப் பிரிவினரே மேலான நிலையில் இருந்தார்கள், ஏ.ஏ.வுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களில் மறுபடி உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தவர்கள் அதிகம். இது கூட்டங்களைப் பொய்யாக்கவில்லை. மருத்துவத்தைத் தள்ளிவிட்டு கூட்டத்தை மட்டும், அதுவும் கட்டாயத்தின் பேரில், கொடுப்பது போதாது என்பதைக் காட்டுகிறது. மருத்துவமனை முதலில், கூட்டம் அதைத் தொடர்ந்து, பல ஆண்டுகளுக்கு என்ற வரிசையே சரியானது. கூட்டம் எந்த வழியாக வேலை செய்கிறது என்று ஆராய்ந்த கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தவற்றுள் முதன்மையானது, அது உறுப்பினரின் பழக்கவட்டத்தை மாற்றுகிறது, குடிப்போரைக் குறைத்துக் குடிக்காதோரைக் கூட்டுகிறது என்பதே. மாலை போடும் வழக்கம் எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்துவைத்திருந்த உண்மை அது.

கடவுள் பற்றிய எதிர்ப்பு இவற்றினும் கனமானது. ஏ.ஏ. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்துவ இயக்கத்தின் சூழலில் முளைத்தது. 1939இல் அது வெளியிட்ட நூலின் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல்லும் குறிப்பும் பல இடங்களில் வருகின்றன. கைதிகளைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்புவது சமய உரிமைக்கு முரணானது என்று அமெரிக்க நீதிமன்றங்களே தீர்ப்பளித்திருக்கின்றன. பெரியாரின் சுயமரியாதை மரபில் வளர்ந்த ஒருவர் இதைக் கண்டு தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அவரவர் புரிந்துகொண்டவாறான கடவுள் என்ற திருத்தம் அந்த நூலை எழுதும்போதே, இறைமறுப்பு உறுப்பினர்களின் வற்புறுத்தலால், சேர்க்கப்பட்டது. தன்னிலும் பெரிய ஆற்றல் என்பதை அந்தக் கூட்டமாகவே கொள்பவர்கள் உண்டு. அதுவும் ஒவ்வாதவர்க்கு, 1994இல் தொடங்கப்பட்டு உளவியல் முறைகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்கள் இணையவழியிலும் கூடுகின்றன. ஒரு கதவு பிடிக்கவில்லை என்பதற்காகத் தெருவிலேயே நின்றுவிட வேண்டியதில்லை.

மானம் பற்றிய எதிர்ப்பு குடும்பங்களிடமிருந்து வருகிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் பொய்யானது என்று சொல்ல முடியாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இத்தகைய செய்திகளின்மேல் நடக்கும் சமூகம் இது. ஆயினும் கடைவாசலில் விழுந்து கிடந்தபோது ஊர் அறிந்துகொள்ளாத எதையும் கூட்ட அறை ஊருக்குச் சொல்லிவிடப் போவதில்லை. அந்த அமைப்பின் பெயரிலேயே பெயர் மறைப்பு என்பது இருக்கிறது. அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது அதன் உயிரான விதி. புதிதாகப் பார்த்தவரிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன வேலை என்று கேட்டுச் சாதிவரை அறிந்துகொண்ட பிறகே பேச்சைத் தொடரும் நாட்டில், இவற்றில் ஒன்றையும் கேட்காமல் பெயரை மட்டும் ஏற்றுக்கொள்ளும் அறைகள் அரியவை.

இந்த அறைகளின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவை பெரும்பாலும் ஆண்களின் அறைகள். 2019 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் குடிப்பவர் 1.6 விழுக்காட்டினரே என்றாலும், அவர்களுக்கான அவமானம் பன்மடங்கு. ஆண்கள் நிறைந்த கூடத்தில் எழுந்து நின்று தன் குடியைப் பற்றிப் பேசும்படி ஒரு பெண்ணிடம் கேட்பது எளிதன்று. பெண்களுக்கான தனிக் கூட்டங்கள் பெருக வேண்டும். குடிநோயாளியின் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் அதன் தோற்றத்துக்குக் காரணமானவர். கணவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவிக்கு அது தேவை.

மன உறுதிக் கொள்கை வெறும் தவறான கருத்தாக நின்றுவிடாமல் கொடுமைகளுக்கும் வழி திறந்திருக்கிறது. உறுதி இல்லாதவர் என்று முடிவுகட்டிவிட்டால், அவருடைய ஒப்புதல் தேவையில்லை என்பது அடுத்த படி. உணவில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்கப்படுபவற்றை நம்பும் குடும்பங்கள் உண்டு. டைசல்ஃபிரம் என்ற மருந்து, மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப் பொருளை மேலும் சிதையவிடாமல் தேக்கிவைப்பது; அதை உட்கொண்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டிய மருந்து அது. ஆள்களை அனுப்பித் தூக்கிவந்து மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் இல்லங்கள் மற்றொரு விளைவு. மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்து, கொடுமையான நடத்துமுறையிலிருந்து காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. பூட்டிய அறையில் மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர் வெளியே வந்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே கூட்டம் பழைய கூட்டமாகவே இருந்தால், அந்த மூன்று மாதமும் காத்திருப்பாக மட்டுமே முடியும்.

இதற்கு மாறான வழியும் தமிழ்நாட்டிலேயே காட்டப்பட்டிருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் அவர் பெயரால் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, மருத்துவத்தோடு ஆலோசனையையும் குடும்பத்தினருக்கான பயிற்சியையும் ஏ.ஏ. கூட்டங்களையும் சேர்த்தே சிகிச்சையாகக் கருதியது. திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடியில் அது நடத்திய முகாம்கள், நகர மருத்துவமனைக்கு வர முடியாதவர்களின் ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுசென்று, ஊராரையும் அதில் பங்குபெறச் செய்தன.

மாநில அரசின் பொறுப்பையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 2003ஆம் ஆண்டு நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக் நிறுவனத்தின் வழியே 2024-25ஆம் நிதியாண்டில் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை, நாள்தோறும் பத்து மணி நேரம் கடை திறந்திருக்கிறது. அதே அரசு புட்டியின்மேல் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுத் தன் கடமை முடிந்ததாகக் கொள்வது, பொறுப்பு முழுவதையும் குடிப்பவரின் மனத்தின்மேல் தள்ளிவிடும் அதே கொள்கையின் அரசு வடிவம். கடைகளை மூட வேண்டும் என்போர் கூட்டங்களுக்கு எதிரிகள் அல்லர். ஆனால் எல்லாக் கடையும் நாளையே மூடப்பட்டாலும், சார்பு நிலையில் இருப்போருக்கு மறுநாள் காலையில் மருத்துவரும் மாலையில் ஒரு கூட்டமும் தேவைப்படும். வட்டந்தோறும் மாலையில் பூட்டிக்கிடக்கும் அரசுப் பள்ளிகளின் ஓர் அறையை வாரம் இரண்டு நாள் குறைந்த வாடகைக்குத் தருவதற்கு 48,344 கோடியில் ஒரு பகுதிகூடத் தேவைப்படாது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது இன்று கடினமானதாக இல்லை. ஏ.ஏ. தன் கூட்டங்களின் இடத்தையும் நாளையும் நகரவாரியாக வெளியிடுகிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446இலும், மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416இலும் கட்டணமின்றி வழி கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறையிலும் விசாரிக்கலாம். முதல் கூட்டம் பிடிக்காமல் போவது இயல்பு. ஒரு குழுவின் ஆட்கள் ஒத்துவராவிட்டால் வேறொரு குழுவுக்குப் போகலாம். ஐந்தாறு கூட்டங்கள் சென்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. தொடக்கத்தில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று அங்கே சொல்வார்கள். அத்தனை கூட்டம் கிடைக்காத ஊரில் இணையவழிக் கூட்டங்களால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம்.

கடினமானது கண்டுபிடிப்பதன்று, அந்த வாசற்படியில் முதன்முறை கால் வைப்பது. 1981இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை வேறெந்த வாதத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. சிகிச்சைக்கு வந்த 20 பேரில் பத்துப் பேருக்கு வழக்கம்போல் கூட்டத்தின் இடமும் நேரமும் சொல்லி, போகும்படி அறிவுறுத்தி அனுப்பினார்கள். மற்றப் பத்துப் பேருக்கு, அவர்கள் எதிரே இருக்கும்போதே ஆலோசகர் அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வைத்தார். அந்த உறுப்பினர் முதல் கூட்டத்துக்கு உடன் வருவதாகச் சொன்னார். முதல் பத்துப் பேரில் ஒருவரும் போகவில்லை. இரண்டாவது பத்துப் பேரும் போனார்கள். குடிநோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆலோசகர்களும், மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நோயாளியின் எதிரிலேயே செய்ய வேண்டும். அன்று மாலை அவர் கிளம்பும்போது, வீட்டில் உள்ளவர்கள் ‘எதற்கு’ என்று கேட்காமல் அனுப்பிவைக்க வேண்டும்.